காணாமல் போன கால்சியம்

மார்ச் மாத முன்னிரவில் செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து உச்சிவரை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வேலா விண்மீன் குழு தெரியும். அந்தத் திசையில், சுமார் 900 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு பெரிய விண்மீனின் அதிர்வலை இன்னமும் விரிந்துகொண்டிருக்கிறது.

நமக்கும் அதற்கும் நடுவே இருப்பது வெறும் வெளி அல்ல, வாயு. ஆனால் என்ன மெலிவு! கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஓர் அணு. நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். ஒரு சதுர சென்டிமீட்டர் வாயுள்ள குழாயை வேலாவரை நீட்டி, உள்ளிருக்கும் வாயுவை எல்லாம் அள்ளினாலும் அரைத் தம்ளர் காற்றுக்குத் தேறாது.

இதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்க விண்மீன் ஒளியே போதும். வழியில் நிற்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் அங்கே கருங்கோடு விழும். சோடியத்துக்கு மஞ்சளில், 589 நானோமீட்டரில். கால்சியத்துக்கு ஊதாவில், 393இல். 1904இல் வானியலாளர் ஹார்ட்மன் ஓரியனில் ஓர் இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். அது சுற்றச் சுற்ற மற்ற கோடுகள் இடம்பெயர்ந்தன. கால்சியக் கோடு மட்டும் அசையவில்லை. அது விண்மீனுடையதல்ல, இடைவெளி வாயுவுடையது!

ஆனால் கணக்கு உதைத்தது. சூரியனில் உள்ள விகிதப்படி பார்த்தால், குளிர்ந்த மேகங்களின் வாயுவில் இருக்கவேண்டிய கால்சியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி தூசுத் துகள்களுக்குள் உறைந்து கிடக்கிறது. சோடியமோ அந்த அளவுக்குத் தூசில் சிக்குவதில்லை. வேகமாக ஓடும் மேகங்களில் சோடியத்தோடு ஒப்பிடக் கால்சியம் கூடுகிறது என்று 1952இல் வானியலாளர்கள் ரௌட்லியும் ஸ்பிட்சரும் காட்டினர். அதிர்வலை துகள்களை நொறுக்கி, சிறைப்பட்ட கால்சியத்தை விடுவிக்கிறது.

இதைப் பார்க்க வேலாவைவிட நல்ல இடம் எது? ஐரோப்பாவின் பல நகரங்களில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஜவ்வாது மலையின் காவலூருக்கு அது நன்றாகவே தெரியும். 2011–12இல் வானியலாளர் காமேஸ்வர ராவ் குழுவினர் அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியால் அத்திசை விண்மீன்களின் நிறமாலையைப் பதிந்தனர். வாயுவின் வேகத்தில் நொடிக்கு 4 கிலோமீட்டர் வேறுபாட்டைக்கூடப் பிரித்தறியும் கருவி அது. 1993–96இல் வேறொரு குழு எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது, சில விண்மீன்களின் சோடியக் கோடுகள் மாறியிருந்தன.

நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நம் பார்வைக்கோட்டின் குறுக்கே ஓடும் வாயுக்கட்டி 15 ஆண்டுகளில் கடப்பது, சூரியன்–பூமி தூரத்தைப்போல் சுமார் 300 மடங்கு. ஒளியாண்டுக் கணக்கில் பரந்த வேலா வாயுவுக்குள் அவ்வளவு சிறிய கட்டிகள் இருக்கின்றன என்பதைக் காவலூரின் கோடுகள் காட்டிவிட்டன.