மைனரா, சாகாவா?

கிளாசிக் கார் என்றதும் நம் நினைவுக்கு வருபவை வெள்ளைக்காரர் காலத்து வண்டிகளே. புரோட்டோன் சாகாவையும் அந்த வரிசையில் சேர்த்தால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் பாரோய் வீட்டில் இரண்டு ரகமும் நிற்கின்றன. ஒன்று, தோட்டத்துக் கிராணி ஒருவரிடம் அப்பா பழையதாக வாங்கிய 1958ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். மற்றது, 1986இல் தவணையில் புதிதாக எடுத்த சாகா. வீட்டை நீட்டிக் கட்டப்போவதால் இனி ஒன்றுக்குத்தான் இடம்.

மைனர், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த பிரிட்டிஷ் வண்டி. மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தெரியவே, அதை நெடுக்காக வெட்டி நடுவில் நான்கு அங்குலம் சேர்த்தார் அவர். எங்களுடையது 1956இல் அறிமுகமான மைனர் 1000 வகை: 948 சி.சி. எஞ்சின், 37 குதிரைத்திறன். பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளும். திரும்பும் பக்கத்தைக் காட்ட கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை நீளும். பெட்ரோல் பம்ப் நின்றால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் மறுபடி ஓடும். ஆனால் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டுக்குக் கிரீஸ் வைக்காமல் விட்டால், அது தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். மைனர் வாங்க நினைப்பவர்கள் பெயிண்டைப் பார்க்குமுன் குனிந்து அதைப் பாருங்கள்.

சாகா 1985 ஜூலை 9இல் வெளியீடு கண்டது. மிட்சுபிஷி லேன்சர் ஃபியோரே அதன் மூலம். 1.3 லிட்டர் எஞ்சின். முன் சக்கரங்கள் இழுக்கும். டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாவிட்டால் அறுந்து எஞ்சின் நின்றுவிடும். (ரப்பர் நாட்டு வண்டியை நிறுத்துவதும் ஒரு ரப்பர் பட்டைதான்!) பெயர், போட்டி நடத்தித் தேர்ந்தெடுக்கப்பட்டது. சாகா என்பது நம் ஆனைக்குண்டுமணி. மஞ்சாடி என்று தமிழ்நாட்டில் தங்கம் நிறுத்த அதே சிவப்பு விதை.

பாரோயைத் தாண்டிக் கோலப்பிலா போகும் பழைய புக்கிட் புத்துஸ் சாலையில் இரண்டின் வேறுபாடும் தெரிந்துவிடும். மைனர் இரண்டாம் கியரில் முனகியபடி ஏறும். இறங்கும்போதுதான் கவனம் தேவை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சாகாவுக்கு முன்னால் டிஸ்க் பிரேக் உண்டு.

ஓட்டும் சுகத்தில் என் வாக்கு மைனருக்கே. ஆயினும் வைத்துக்கொள்ள வேண்டியது சாகா என்பேன். மைனரைக் காப்பாற்ற உலகெங்கும் ஆளிருக்கிறது. அதற்கான பாகங்களை பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சாகாவையோ நாம் பழைய இரும்பாகத்தான் தள்ளிவிட்டோம். மாற்றம் செய்யாத முதல் ரகம் சாலையில் அரிதாகிவிட்டது. மேலும், தோட்டத்தில் மைனர் என்றால் கிராணியின் வண்டி, டிரெஸ்ஸரின் வண்டி. லயத்துப் பிள்ளைகள் ஒதுங்கி நின்று வழிவிட்ட வண்டி. எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் ஓட்டிக் கழிக்காமல் கைக்கு வந்த முதல் வண்டி சாகாதான்.

அப்பாவுக்கு இதில் இன்னும் சம்மதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மைனருக்குத்தான் முதலில் மெழுகு போடுகிறார்.