கொட்டகையில் விளைந்த சிறகுகள் – 14: மூன்று தட்டல்கள்

மின்னஸோட்டா மாநிலத்துச் செர்ரி குரோவ் கிராமத்தில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்ட மர விமானத்தோடு சென்ற வாரம் நின்றோம். தொடர்ந்து வாசித்து வருவோருக்கு இதற்குமேல் நினைவூட்டல் தேவையில்லை. வீட்டுக் கொட்டகையில் கட்டிய விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும் தினத்தைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தத் தினத்துக்குப் போகும் வழியில் ஒரு விஷயம் எதிர்ப்பட்டு என்னை நிறுத்திவிட்டது. பக்கங்கள் அச்சுக்குக் காத்திருக்கும் இந்த வேளையிலும் அதைக் கடந்து போக மனம் ஒப்பவில்லை.

விஷயம் ஒரு சட்டத்தில் தொடங்குகிறது. தாமே கட்டிய விமானத்துக்கு அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் அனுமதி கோருவோர் நிறைவேற்றவேண்டிய பிரதான நிபந்தனை ஒன்று உண்டு. விமானத்தின் பெரும்பகுதி, சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே அந்த வேலையை மேற்கொண்டவர்களின் கைகளால் உருவாகியிருக்கவேண்டும் என்பதே அது. கட்டுவோர் பேச்சுவழக்கில் இதனை 51 சதவீத விதி என்பார்கள். இந்தக் கணக்கில் கூலிக்கு அமர்த்தப்பட்ட நிபுணர் செய்த வேலை, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சேராது. ஊதியம் வாங்காமல் மாலைதோறும் வந்து உதவிய சிநேகிதரின் வேலையோ, அது எவ்வளவு மந்தகதியில் நடந்திருந்தாலும், முழுமையாகச் சேரும். சிநேகத்தினால் செய்த உழைப்பைப் பணத்தினால் பெற்ற உழைப்பிலிருந்து பிரித்தெடுத்து, முன்னதற்கே மதிப்பளிக்கும் சட்டங்கள் உலகத்தில் அதிகம் இருக்கமாட்டா என்றே எண்ணுகிறேன். அப்படி ஒன்று, எதிலும் கண்டிப்புக்குப் பெயர்போன ஒரு துறையின் ஏட்டில் இருப்பதைக் கண்டது முதல் வேறெதிலும் என் சிந்தை செல்லவில்லை.

இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே, வீட்டில் கட்டிய விமானங்களுக்கு மத்திய அரசின் உரிமம் கிடைப்பது அரிதாகியிருந்தது. ஆரிகன் மாநிலம் மட்டும் தன் எல்லைக்குள் அவற்றைப் பறக்கவிட இடம் கொடுத்தது. அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போகார்டஸ், 'லிட்டில் ஜீ பீ' என்று பெயரிட்ட தம்முடைய சின்னஞ்சிறிய ஒற்றை இருக்கை விமானத்தில், 1947-இல், பசிபிக் கரையோரத்திலிருந்து தலைநகரான வாஷிங்டன் வரையில் பறந்துபோய், அதிகாரிகளின் கண்முன் அதை நிறுத்தி, எங்களைப் போன்றவர்களுக்கும் சட்டத்தில் ஓர் இடம் தாருங்கள் என்று வாதாடினார். விண்ணப்பம் எழுதி அஞ்சலில் அனுப்புவதற்குப் பதிலாக, விண்ணப்பத்தின் பொருளிலேயே ஏறி அமர்ந்து ஒரு கண்டத்தைக் கடந்த அந்த மனிதரின் விமானம் இன்று ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் தேசிய வான் விண்வெளி அருங்காட்சியகத்தின் உடைமை. அவரும் அவரைப் போன்றோரும் பெற்றுத் தந்த அந்த இடத்தில்தான், உதவ வந்த சிநேகிதருக்கும் ஓர் ஆசனம் போடப்பட்டிருக்கிறது.

சட்டம் சிநேகிதருக்கு இடம் கொடுத்தது ஒருபுறமிருக்க, வேலையே அவரைக் கட்டாயமாக அழைக்கிறது. தகட்டினால் ஆன விமானத்தின் சிறகில் வரிவரியாகத் தெரியும் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஓர் அலுமினிய ரிவெட். இன்று இவ்வகையில் மிகப் பிரசித்தமானவை ஆர்.வி. வரிசை விமானங்கள், ஆரிகனைச் சேர்ந்த ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1972-ஆம் ஆண்டு விஸ்கான்ஸின் மாநிலத்து ஆஷ்காஷ் நகர விமான விழாவுக்கு ஓட்டிவந்த ஆர்.வி.-3, அவ்வரிசையில் பிறர் கட்டுவதற்கென விற்பனைக்கு வந்தவற்றுள் மூத்த பிள்ளை. அதன் வழிவந்தவற்றில் பல்லாயிரம் ரிவெட்டுகளை அடித்து முடித்து வானேறியவை 11,000-க்கும் மேற்பட்டவை. தகட்டின் ஓரங்களில் உள்ள ரிவெட்டுகளை இடுக்கி போன்ற கைக்கருவியால் ஒருவரே நசுக்கிவிடலாம். தகட்டின் நடுவில் உள்ளவற்றுக்கு அது எட்டாது. அங்கே பெரும்பாலும் இருவர் வேண்டும்.

அந்த இருவரையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒருவர் வெளிப்புறம் நின்று, துளைக்குள் நுழைத்த ரிவெட்டின் தலைமீது காற்றழுத்தச் சுத்தியை அழுத்திப் பிடித்து அடிக்கிறார். மற்றவர் சிறகின் உட்கூட்டுக்குள் தோள் வரையில் கையைச் செலுத்தியோ, வால்பகுதியின் குறுகிய குடைவுக்குள் முதுகை வளைத்துப் படுத்தோ, உட்பக்கம் நீண்டிருக்கும் தண்டின் நுனியில் கனத்த எஃகுக் கட்டையொன்றைப் பொருத்தித் தாங்குகிறார். சுத்திக்கும் கட்டைக்கும் இடையே தண்டு நசுங்கி, உள்ளே இன்னொரு தலை உருவாகிறது. அந்தத் தலையின் அகலம் தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருந்தால் ரிவெட் உத்தமமானது. அடி மிகுந்தால் தட்டையாகிவிடும், கட்டை சாய்ந்தால் தலையும் ஒருபுறம் சாய்ந்துவிடும். இதில் கவனிக்கத்தக்கது, சுத்தியைப் பிடித்திருப்பவருக்குத் தம் அடியின் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே. அநேகமாக அவரே விமானத்தின் சொந்தக்காரர். அவர் உயிரைத் தாங்கப்போகும் ரிவெட் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லக்கூடியவர், இருட்டுக்குள் கட்டையைப் பிடித்திருக்கும் சிநேகிதர் ஒருவரே.

சுத்தியின் இரைச்சலுக்கு அஞ்சி இருவரும் காதுகளை மூடியிருப்பார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அப்படியானால் தீர்ப்பு எப்படி வெளியே வருகிறது? விமானப் பழுதுபார்ப்போருக்கான தொழிற்கையேடு அதற்கும் ஒரு முறையை வகுத்திருக்கிறது. இவ்வாரம் எனக்குக் கிடைத்த ஆனந்தத்தின் உச்சம் இதுதான். கட்டை பிடிப்பவர் ரிவெட்டின் மேல் தட்டிச் சொல்கிறார். ஒரு தட்டல் என்றால், இன்னும் சரியாக உட்காரவில்லை, மறுபடி அடி. இரண்டு தட்டல் என்றால், நல்ல ரிவெட், அடுத்ததற்குப் போ. மூன்று தட்டல் என்றால், இது கெட்டுவிட்டது, எடுத்துவிட்டு வேறொன்று போடு.

மூன்று தட்டலைத் தட்டுவது சுலபம். ஆனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கெட்ட ரிவெட்டின் தலையை நட்டநடுவில் துரப்பணத்தால் குடைந்து, தகட்டுக்குக் காயமின்றித் தண்டைத் தட்டி வெளியேற்றவேண்டும். கை சற்றே பிசகினால் துளை பெரிதாகி, அடுத்த அளவு ரிவெட்டைத் தேடும்படியாகிவிடும். பகல் முழுதும் தம் உத்தியோகத்தில் உழைத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டு வேளையும் தவறிப்போன நிலையில், வரிசையின் கடைசி ரிவெட்டில் நிற்கும் மனிதரிடம், முகம் தெரியாமல், தட்டலினாலேயே அந்தச் சேதியைச் சொல்லவேண்டும். பரவாயில்லை, விட்டுவிடுவோம் என்று இரண்டு தட்டலோடு நிறுத்திக்கொள்ளும் தாட்சண்யம் எவருக்கும் தோன்றக்கூடியது. அந்தத் தாட்சண்யத்தை வெல்லும் சக்தி ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இவ்வாரம் என்னை நிறுத்திய கேள்வி.

என் அபிப்பிராயத்தில், அது விமானத்தோடு சம்பந்தமே இல்லாத பேச்சிலிருந்து வருகிறது. சுத்திக்குக் காற்று தரும் அழுத்தப் பொறி இரைந்து இரைந்து தன் கலத்தை நிரப்பி ஓயும். இருவரும் காதுமூடியைக் கழற்றுவார்கள். அப்போது பிறக்கும் சம்பாஷணையில் சிறகும் ரிவெட்டும் வருவதைக் காட்டிலும் கொல்லையில் காய்த்த தக்காளியும், பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் சிகிச்சையும், மகளின் கல்லூரிச் செலவும், பழைய டிராக்டருக்கு எங்கு தேடியும் அகப்படாத உதிரிப்பாகமுமே மிகுதியாக வரும். ஓர் உரலில் இருவர் மாறிமாறி நெல் குத்தும்போது ஊர்க்கதை உலக்கையின் தாளத்திலேயே ஓடுவதைப்போல, இந்தப் பேச்சும் வேலையின் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு ஓடுகிறது. இவ்வகைத் தகட்டு விமானம் ஒன்றுக்குச் சாதாரணமாக 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு தேவைப்படும். மாலைகளிலும் விடுமுறைகளிலும் மட்டும் வேலை செய்பவருக்கு அது பல வருஷங்களாக நீளும். அத்தனை வருஷங்கள் தக்காளியைப் பற்றிப் பேசிய ஒருவர் மூன்று முறை தட்டும்போது, அதில் கர்வமோ குற்றம் காணும் வேட்கையோ இல்லை என்பது வெளியே நிற்பவருக்கு ஐயமறத் தெரியும். நண்பன் தவறும்போது இடித்துரைப்பது நட்பின் கடமை என்று நம்முடைய பெரியோர் விதித்திருக்கிறார்கள். அந்த இடிப்பைத் தாங்கும் வலுவைத் தருவது அதற்குமுன் பலகாலம் கூடிச் சிரித்த சிரிப்பு என்பதையும் இந்தக் கொட்டகைகள் காட்டுகின்றன.

பரஸ்பர உதவியின் மற்ற ரூபங்களும் இதே வேரிலிருந்து கிளைத்தவையே. தகடுகளை ரிவெட் அடிக்குமுன் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்க, கிளிக்கோ என்கிற விரல் நீள வில்லூசிகள் உண்டு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குத் துளைக்குச் செம்பு நிறம், அதனினும் சிறிய துளைக்கு வெள்ளி நிறம். சிறகு கட்டும் மாதங்களில் இவை நூற்றுக்கணக்கில் வேண்டும். சிறகு முடிந்தபின் வாளியில் கிடந்து தூசி ஏறும். ஆகையால் அந்த வாளி அடுத்த தெருவில் சிறகு தொடங்குபவரின் கொட்டகைக்குப் போகிறது. விமானத்தின் எடையையும் சமநிலையையும் அளக்கும் தராசுகளோ, ஒருவருக்கு வேலையின் முடிவில் மட்டுமே தேவைப்படுபவை. எனவே பல ஊர்களில் ஆர்வலர் சங்கத்தின் கிளையே ஒரு தொகுதியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்கு இரவல் தருகிறது.

சங்கத்தின் பெயரைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. பால் போபரெஸ்னி என்பவர் தலைமையில் 1953 ஜனவரி 26-ஆம் தேதி மில்வாக்கி நகரில் கூடிய சிலர் தொடங்கிய பரீட்சார்த்த விமானச் சங்கம் அது. அவரும் அவருடைய மனைவி ஆட்ரியும் தம் வீட்டு நிலவறையிலேயே அதன் காரியங்களையெல்லாம் நடத்தினார்கள். இப்போது அதன் கிளைகள் ஏறத்தாழத் தொள்ளாயிரம். விமானம் கட்டி அனுபவம் பெற்ற தொண்டர்கள் சிலரைச் சங்கம் தொழில்நுட்ப ஆலோசகர்களாக அங்கீகரிக்கிறது. இவர்கள் சம்பளம் பெறுவதில்லை, அரசாங்க அதிகாரம் எதுவும் இவர்களுக்கு இல்லை. தகட்டினால் மூடிவிட்டால் பிறகு பார்க்கமுடியாத உட்பாகங்களை, மூடுவதற்கு முன் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று அழைத்தால் வருவார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, காப்பி அருந்திக்கொண்டே, அந்தக் கம்பி இந்த முனையில் உராய்கிறது என்பார்கள். இதுவும் மூன்று தட்டல்தான்.

தகட்டை விட்டுக் கண்ணாடி நாருக்கு மாறினாலும் உதவி குறைவதில்லை. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பர்ட் ருட்டான் 1975-இல் பறக்கவிட்ட வேரி-ஈஸி, நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் செதுக்கி, அதன்மேல் கண்ணாடி நார்த் துணியை எபாக்ஸிப் பசையில் தோய்த்து ஒட்டிக் கட்டப்படுவது. பசை கலந்தபின் இறுகுவதற்குள் சிறகு முழுவதும் துணி படிந்தாகவேண்டும். ஆகவே அந்த நாளில் கைகொடுக்க வருபவர்கள் எவ்வளவு பேரோ அவ்வளவுக்கு நல்லது. ருட்டான் நடத்திவந்த 'கனார்டு புஷர்' என்னும் காலாண்டுச் செய்தி மடலில் வரைபடங்களின் திருத்தங்களும், கட்டுவோர் கண்டுபிடித்த உபாயங்களும், விபத்துகளின் விவரங்களும் வெளிவந்தன. ஒரு கொட்டகையில் நேர்ந்த பிசகு மற்றக் கொட்டகைகளில் நேராதிருக்க அது வழிசெய்தது. நேரில் தட்டிச் சொல்ல எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு அந்த மடலே அந்தத் தட்டலாயிற்று.

இதில் இன்னும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. விமானத்தைக் கட்டிமுடிக்காமலேயே ஒருவர் காலமானால், அவரோடு பேசிப் பழகியவர்கள் கொட்டகைக்கு வந்து, பாகங்களைப் பட்டியலிட்டு, நியாயமான விலைக்கு வாங்குபவரைத் தேடி, அவர் குடும்பத்துக்கு உதவுவது இந்த வட்டாரங்களில் வழக்கம். சில சமயங்களில் எஞ்சிய வேலையைத் தாங்களே முடிப்பதும் உண்டு. எந்தக் கையேடும் இதைக் கட்டளையிடவில்லை. வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் பேசிப் பிரிந்திருந்தால், கட்டியவர் போனபின் அங்கே வருவதற்கு எவருக்கும் காரணம் இருந்திராது. வீண்பேச்சு என்று நாம் தள்ளும் பேச்சின் மதிப்பை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முதல் பறப்பைப் பற்றிய வாக்குறுதி அடுத்த வாரத்துக்குப் போகிறது. சாதாரணமாக 40 மணி நேரமும், சான்று பெற்ற எஞ்சினும் சுழலியும் இணைந்தவற்றுக்கு 25 மணி நேரமும் நீளும் அந்தச் சோதனைக் காலத்தில், பயணியை ஏற்றக்கூடாது; இவ்வகைச் சிறு விமானங்களில் விமானி தன்னந்தனியாகவே பறக்கவேண்டும் என்பதே நெடுங்கால நடைமுறையாக இருந்தது. 2014-இல் அந்த விதி தளர்த்தப்பட்டு, தகுதிபெற்ற இரண்டாவது விமானி ஒருவர் உடன் ஏற அனுமதி கிடைத்தது. சிறகுக்குள் கையை விட்டுக் கட்டை பிடித்த சிநேகிதருக்கு அந்தத் தகுதியும் இருக்குமானால், இப்போது பக்கத்து இருக்கையிலும் அவருக்கு இடமுண்டு. அப்படி ஒரு மாற்றத்தைச் செய்ய அதிகாரிகளைத் தூண்டிய காரணங்களையும், தனியாகப் பறந்தவர்கள் முதல் மணி நேரத்தில் எதிர்கொண்ட அபாயங்களையும் வரும் இதழில் விரிவாகப் பார்ப்போம்.