சாமி பாதி... ஸார் பாதி!

மார்ச் மாதம் பிறந்தால் தமிழ்நாட்டில் இரண்டு சமாசாரம் சூடாகும். ஒன்று வெயில். இன்னொன்று பிள்ளையார் கோயில் சூடத் தட்டு.

வருஷம் முழுக்கக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாத பையன்கூட அந்த மாசம் பட்டையும் பொட்டுமாகத் திரிவான். ஹால் டிக்கெட்டுக்கு மஞ்சள், பேனாவுக்குக் குங்குமம். "கணக்குல முப்பத்தஞ்சு மட்டும் போட்டுக் குடுத்துடு சாமி... மத்த நாலு பேப்பரை நான் பாத்துக்கறேன்!" என்று பேரம் ஆரம்பிக்கும். பாஸானால் ஒரு தேங்காய். நானூறைத் தாண்டினால் பதினொன்று. நானூற்றைம்பது என்றால் நூற்றியெட்டு! இன்றைக்கு ஆபீஸில் மேனேஜர் 'இன்சென்டிவ் ஸ்கீம்' என்று ஒரு காகிதத்தை நீட்டுகிறாரே, அதைப் பதினைந்து வயசிலேயே பிள்ளையாரிடம் நீட்டியவர்கள்தானே நாம்?

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பையன் அப்போது நிஜமாக யாரை நம்பிக்கொண்டிருந்தான்? சாமியையா, ஸாரையா? இதை யோசித்துப் பார்க்கத் தோதான ஊர் ஒன்று இருக்கிறது. வாலிகண்டபுரம்.

பாதி பலம்... பாதி மார்க்!

பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வரும் ஊர். இங்கே வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. ராமாயணத்து வாலி வழிபட்ட சிவன் என்பது நம்பிக்கை. ஊர்ப்பேரும் அதைத்தான் சொல்கிறது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலங்களில் ஒன்று. பள்ளிவாசலும் உள்ள ஊர். 1670-களில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர் கான் லோடி இருந்தது இங்கேதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கால் ஊன்ற இடம் கொடுத்தவர் அவர். ஆகவே இந்த ஊர்ப் பையன் சரித்திரப் பரீட்சையில் கோட்டை விட்டால் மன்னிக்கவே முடியாது!

வாலிக்கு ஒரு வரம் உண்டு என்பார்கள். எதிரே வந்து நிற்பவனின் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும். இந்த வரம் மட்டும் பரீட்சை ஹாலில் கிடைத்தால்?

"ஸார்... எனக்கு வாலி வரம் இருந்தா, முன்னாடி உக்காந்திருக்கிற பர்ஸ்ட் ரேங்க்கோட மார்க்குல பாதி எனக்கு வந்துடுமில்ல?"

"வரும்டா! ஆனா அதுக்குப் பேரு வரம் இல்ல, காப்பி!"

ஜோக் இருக்கட்டும். அந்த வரம் பள்ளிக்கூடத்தில் தினமும் நடக்கிற சங்கதிதான், கொஞ்சம் தலைகீழாக. எதிரே கரும்பலகைப் பக்கம் நிற்கிறவரின் பலத்தில் பாதி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே வித்தியாசம், வாலியின் எதிரிக்குப் பலம் குறைந்துவிடும். வாத்தியாருக்குக் குறையாது. தொண்டைதான் கட்டிக்கொள்ளும்!

திங்கள், வெள்ளி மட்டும்

பெரம்பலூருக்குத் தெற்கே, அதே நெடுஞ்சாலையை ஒட்டி சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பது வழக்கம். விசேஷ நாட்கள் தனி. மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே போய் அட்வான்ஸ் புக்கிங் செய்துவிட வேண்டியதுதான்.

வாத்தியாருக்கு இந்தச் சலுகை கிடையாது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் என்றால் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை டெஸ்ட். 'மெல்லக் கற்போர்' என்று ஒரு லிஸ்ட் வைத்துக்கொண்டு, வராத பையனின் வீட்டுக்கே போய் நிற்கிற வாத்தியார்களும் உண்டு. வானம் பார்த்த பூமி இது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அறுவடை நாளில் ஒரு கை குறைந்தால் வீட்டில் கஷ்டம். "இன்னிக்கி ஒரு நாள் மட்டும் ஸார்..." என்று தயங்கும் அம்மாவிடம், "நாளைக்கு உங்க பையன் ஆபீஸர் ஆனா நீங்க ஏம்மா வெங்காயம் உரிக்கப் போறீங்க?" என்று பேசிப் பேசியே பையனை அழைத்துப் போக வேண்டும். பேச்சும் ஒரு பாடம்தான்.

ஐந்து சீடர்கள்

பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சி. அங்கே அடைக்கல மாதா கோயில். அந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்த பாதிரியார். இங்கே வந்து தமிழ் படித்து, 'தேம்பாவணி' பாடி, 'சதுரகராதி' தொகுத்தார். எ - ஏ, ஒ - ஓ என்று குறிலையும் நெடிலையும் இன்று நாம் தனித்தனியாக எழுதுகிறோமே, அந்தச் சீர்திருத்தமும் அவருடையது. ஆக, முதல் வகுப்பில் "ஏணி" என்று எழுதும் ஒவ்வொரு குழந்தையும் அவருடைய மாணவன்தான்.

இதே மனிதர்தான் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்த்துப் பயந்து ஓடும் கூட்டம் அது. சீடர்கள் ஐந்து பேர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். கடைசி பெஞ்சு அட்டெண்டன்ஸ் மாதிரி இல்லை?

சாமிக்காகக் கடல் கடந்து வந்த மனிதர், குரு சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டும் சீடர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். பக்தி வேறு, தலையாட்டுவது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல வாத்தியாருக்கும் அது தெரியும். "ஏன் ஸார்?" என்று கேட்கிற பையனைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் சந்தோஷம்தான் வரும்.

தொண்ணூற்றேழும் மீதியும்

1995-ல் திருச்சியிலிருந்து பிரித்து பெரம்பலூர் மாவட்டம் உண்டானபோது, 'பின்தங்கிய பகுதி' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2007-ல் அரியலூர் தனியானது. இப்போது ரிசல்ட்டைப் பாருங்கள். 2022 ப்ளஸ் டூவில் மாநிலத்திலேயே அதிகத் தேர்ச்சி பெரம்பலூர், 97.95 சதவீதம். 2023 பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர், 97.67. 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர், 97.31. 2025 ப்ளஸ் டூவில் மறுபடி அரியலூர், 98.82. சென்னையும் கோவையும் பின்னால் நிற்க, வெங்காயக் காட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள்!

இது யார் வரம்? சூடத்துக்கும் பங்கு உண்டு. கை நடுங்காமல் பேனாவைப் பிடிக்க ஒரு தைரியம் வேண்டுமே, அது அங்கே கிடைக்கிறது. பிடித்த பேனா என்ன எழுத வேண்டும் என்பது ஸ்பெஷல் கிளாஸில் கிடைக்கிறது. சாமி பாதி, ஸார் பாதி. இரண்டு பேருக்கும் வேலையே இல்லாமல் போன வருஷமும் உண்டு, 2020. கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பரீட்சையே ரத்து, எல்லோரும் பாஸ். அந்த வருஷம் பாக்கி நின்ற தேங்காய்க் கணக்கைப் பிள்ளையார்தான் சொல்ல வேண்டும்!

ஆனால் 97.67 என்றால், நூற்றுக்கு இரண்டு பேர் வெளியே நிற்கிறார்கள். அவர்களும் சூடம் ஏற்றியவர்கள்தான். அவர்களும் ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்தவர்கள்தான். "சாமியும் கைவிட்டுது, ஸாரும் கைவிட்டார்" என்று அந்தப் பையன் நினைக்கிற நிமிஷம் இருக்கிறதே, அதுதான் பயங்கரம். பாஸ் சதவீதத்தைப் பேனரில் அடிக்கிற நாம், அந்த இரண்டு பேரின் வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பதில்லை.

பாஸானவர்களுக்கும் அந்த நிமிஷம் வரும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, கூலித் தொழிலாளியின் மகள். 2017-ல் ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176. படிக்க வேண்டியதைப் படித்தார், வாங்க வேண்டியதை வாங்கினார். நீட் என்ற இன்னொரு கதவு மூடிக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் வரை போயும் திறக்கவில்லை. அந்த செப்டம்பர் 1-ம் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு, 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022-ல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதன் கலையரங்கத்துக்கு அனிதாவின் பெயர் வைத்தார்கள். எல்லாம் வந்தது. அந்தப் பெண்தான் இல்லை.

மதிப்பெண்ணுக்காகச் சாமி கும்பிடலாம், தப்பே இல்லை. மதிப்பெண்ணையே சாமியாக்கிக் கும்பிட்டால்தான் அது பலி கேட்கும்.

நம்ம பங்கு

'மாதா, பிதா, குரு, தெய்வம்' என்று வரிசை வைத்தார்கள் பெரியவர்கள். தெய்வத்துக்கு முன்னால் குரு. இந்த வரிசையில் அண்ணன், மாமா, சித்தப்பா கிடையாது. ஆனால் ரிசல்ட் அன்றைக்கு முதல் போன் போடுவது யார்? ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்! "எவ்வளவுடா?" அடுத்த கேள்வி, "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" ஞாபகம் இருக்கட்டும். 2017-லிருந்து அரசாங்கமே மாநில ரேங்க் லிஸ்ட்டை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை.

இந்தத் தடவை போன் போடும்போது வேறு மாதிரி ஆரம்பியுங்கள். போனது ஒரு பேப்பர் என்றால், அதே வருஷம் துணைத் தேர்வு இருக்கிறது என்று சொல்லுங்கள். படிப்பு சம்பந்தமாகக் கேட்க 14417, மனசு தாங்காமல் போனால் பேச 104 என்று இரண்டு நம்பரைக் கொடுங்கள். அவனுடைய வாத்தியாரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பாஸானவர்கள் எல்லோரும் மிட்டாயோடு வந்து போன பிறகு, ஃபெயிலான பையன் வந்து வாசலில் நிற்க மாட்டானா என்று காத்திருக்கும் வாத்தியார்கள் நிறையப் பேர்.

பரீட்சைக்கு முன்னால் சாமி பாதி, ஸார் பாதி. ரிசல்ட்டுக்கு அப்புறம் மிச்சம் மீதி எல்லாம் நாம்தான். ஆகவே மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேளுங்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் பிள்ளைகளிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்!