குமட்டலும் பணிவிடையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. பஞ்சங்களைக் கண்ட இந்நாட்டில், சோற்றை மறுப்பவரைக் காண நமக்குப் பொறுப்பதில்லை. 'இன்னும் ஒரு வாய்' என்று வற்புறுத்துதலையே அன்பென்று கொள்கிறோம். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு, மதுரையினின்று சுமார் 50 கிலோமீட்டர் பேருந்தில் குலுங்கி வீடு சேரும் தாய்க்கோ அவ்வன்பே துன்பமாய் முடிகின்றது.

காரணம் யாதெனில், புற்றணுக்களை அழிக்கும் மருந்துகளிற் பல, குடலின் உட்சுவரிலுள்ள சில உயிரணுக்களையும் தாக்குகின்றன. அவை செரட்டோனின் என்னும் பொருளைச் சொரிந்து நரம்பைத் தூண்ட, மூளையில் வாந்தியை ஆளும் பகுதி விழித்துக்கொள்கின்றது. ஆதலின் குமட்டல் நோயாளியின் பிடிவாதமன்று, சமைத்தவர் கைக்குற்றமுமன்று. சிலர்க்கு மருத்துவமனையை நினைத்த மாத்திரத்தில் குமட்டும், அதுவும் பாசாங்கன்று.

1990-ஐ ஒட்டி ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் வழக்கிற்கு வந்தபின் இத்துன்பம் பெரிதும் குறைந்தது. நம்மவர் செய்யும் பிழை, வாந்தி வந்தபின் மாத்திரையைத் தேடுதல். அது வருமுன் காப்பது. மருத்துவர் குறித்த வேளையில், குமட்டல் இல்லாவிடினும் கொடுத்தல் வேண்டும். அம்மருந்து பயன்படாவிடின் வேறு மருந்துகள் உள. சகித்திருத்தல் வேண்டா, மருத்துவரிடம் சொல்லுக.

மூன்று வேளை நிறைய உண்பதை விட்டு, இரண்டு மணிக்கொருமுறை சிறிதளவு கொடுத்தல் நன்று. தாளிக்கும் மணம் எட்டாதவாறு படுக்கையை அடுப்படிக்கு அப்பால் இடுக. அன்றன்று சமைத்துச் சூடாறிய இட்லியும் கஞ்சியும் மணம் குறைந்தவை. காய்ச்சி ஆறிய நீரைச் சிறு மிடறுகளாகப் பருகச் செய்க. பழஞ்சோறும் நீராகாரமும் நமக்கு இனியவையேனும், இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் அவற்றைத் தவிர்க்க. மிக விரும்பும் பண்டத்தைக் குமட்டும் வேளையில் ஊட்டினால், பின்னர் அதன்மேலும் வெறுப்புத் தோன்றிவிடும்.

ஒரு நாள் முழுதும் நீரும் வயிற்றில் தங்காவிடினும், சிறுநீர் மிகக் குறையினும், வாந்தியில் இரத்தம் காணினும், காய்ச்சல் 100.4 பாகையை எட்டினும், விடியட்டும் என்று காத்திராது உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் காணத் தூண்டிற்று. மருத்துவமனை எழுப்புதல் நம்மில் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆயினும் விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் இயல்வது ஒன்றுண்டு: மாத்திரை வேளையைக் குறித்து வைத்தலும், 'வேண்டாம்' என்று தாய் சொல்லுங்கால் முகஞ் சுளியாது தட்டை எடுத்துவிட்டு, ஒரு மணி கழித்து மீண்டும் அன்போடு கேட்டலுமே அது.