வழிகாட்ட யாருமில்லாத 5,000 கிலோமீட்டர் பயணம்

ஆகஸ்டு மாதத்தில் ஸ்காட்லாந்து ஏரிக்கரைகளில் ஒரு விந்தை நடக்கிறது. முட்டையிட்ட நாள் முதல் கூட்டைக் காத்துவந்த தாய்ப்பறவை, ஒரு நாள் தெற்கு நோக்கிப் பறந்துவிடுகிறது. குஞ்சுகள் அப்போதும் தந்தை கொண்டுவரும் மீனை நம்பியே இருக்கின்றன. சில வாரங்களில் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே புறப்படுகின்றன. அவை செல்ல வேண்டிய இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா கடற்கரைகள். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் தூரம்!

அந்தப் பறவைதான் விராலடிப்பான். மாணவர்களே, இதற்கு முன் ஒருமுறைகூடப் போகாத ஊருக்கு, துணைக்கு யாருமின்றி, இந்தக் குஞ்சு எப்படிப் போய்ச் சேர்கிறது?

மீன் பிடிக்கவே அமைந்த உடல்

விராலடிப்பானின் உணவு கிட்டத்தட்ட முழுவதும் மீன்தான். உயரத்திலிருந்து பார்த்து, கால்களை முன்னே நீட்டியபடி நீரில் பாய்கிறது. வழுக்கும் மீனைப் பிடிக்க உள்ளங்காலில் முள் போன்ற சிறு செதில்கள் உள்ளன. கால்விரல்களில் ஒன்று பின்னோக்கித் திரும்பக்கூடியது. அதனால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு விரல்களாலும் மீனை இறுகப் பற்றுகிறது. நீரில் மூழ்கும்போது மூக்குத் துளைகளையும் மூடிக்கொள்ளும்.

கூட்டிலிருந்து வானத்துக்கு

வழக்கமாக மூன்று முட்டைகள். ஐந்து வாரங்களுக்கு மேல் அடைகாத்தபின் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஏழெட்டு வாரங்களில் அவை பறக்கத் தொடங்கும். அதற்கு முன்பே கூட்டின் மேல் நின்று சிறகடித்து, சற்றே எழும்பி இறங்கிப் பழகும்.

குஞ்சுகள் ஐந்தாறு வார வயதில் இருக்கும்போது ஆய்வாளர்கள் அவற்றின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த வளையம் மாட்டுகின்றனர். சிலவற்றின் முதுகில் சூரிய ஒளியில் இயங்கும் ஜி.பி.எஸ். கருவியும் பொருத்தப்படுகிறது. கருவியின் எடை பறவையின் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. பறவை 1.5 கிலோ என்றால் கருவி எவ்வளவு இருக்கலாம்? கணக்கிட்டுப் பாருங்கள்: 45 கிராம்.

ரட்லண்ட் தந்த விடை

வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் இப்பறவை கூடுகட்டுவது நின்றுபோனது. 1954இல் ஒரு சோடி ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரியில் கூடுகட்டியது. இங்கிலாந்திலும் அதை மீட்க, 1996 முதல் 2001 வரை ஸ்காட்லாந்துக் குஞ்சுகள் 64, ரட்லண்ட் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே அவற்றுக்கு மீன் கொடுத்தவர்கள் மனிதர்கள். பெற்றோர் அருகில் இல்லை.

பருவம் வந்ததும் அக்குஞ்சுகள் தாமாகவே தெற்கு நோக்கிப் பறந்தன. 1999இல் அவற்றுள் இரண்டு ஆண் பறவைகள் திரும்பி வந்தன. பிறந்த ஸ்காட்லாந்துக்கு அல்ல, முதன்முதலில் சிறகு விரித்த ரட்லண்டுக்கு! 2001இல் அங்கே ஒரு சோடி குஞ்சு பொரித்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. எந்தத் திசையில் போக வேண்டும் என்பது பிறவியிலேயே வரும் இயல்பு. எங்கே திரும்ப வேண்டும் என்பதோ, பறக்கப் பழகிய இடத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வது.

திசை மட்டும் போதுமா?

போதாது. பக்கவாட்டில் பலத்த காற்று அடித்தால் அனுபவமுள்ள பறவை தன் போக்கைத் திருத்திக்கொள்கிறது. இளம்பறவைக்கு அந்த அனுபவம் இல்லை. சில இளம்பறவைகள் அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் தள்ளப்பட்டு, இறங்க நிலமின்றி மடிகின்றன. நிலத்தின் மேல் வெப்பக்காற்று மேலெழும்புவதால், சிறகடிக்காமலே உயர்ந்து மிதந்து செல்லலாம். குளிர்ந்த கடலின் மேல் அந்த உதவி கிடைப்பது அரிது. இடைவிடாமல் சிறகடித்தாக வேண்டும். அதன் பின்னும் சகாரா பாலைவனம் காத்திருக்கிறது. அங்கே வெப்பக்காற்று உண்டு, மீன் இல்லை.

ஆப்பிரிக்காவை அடைந்த இளம்பறவை அடுத்த வசந்தத்திலேயே திரும்புவதில்லை. பெரும்பாலானவை இரண்டு வயதில்தான் முதன்முறையாக வடக்கு நோக்கி வருகின்றன. புறப்பட்டவற்றில் பாதிகூடத் திரும்புவதில்லை. அதனால்தான் பழைய வளையத்துடன் ஒரு பறவை கூட்டருகே தோன்றினால் கண்காணிப்பாளர்கள் அவ்வளவு மகிழ்கிறார்கள்.

நம் வானத்திலும்

ஸ்காட்லாந்துப் பறவைகள் நம் பக்கம் வருவதில்லை. ஆனால் ஆசியாவின் வடபகுதியில் வாழும் விராலடிப்பான்கள் குளிர்காலத்தில் மலேசியா, சிங்கப்பூர் கரையோரங்களுக்கு வருகின்றன. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் இவற்றைக் காணலாம். இங்கு அதிகம் தென்படும் செம்பருந்துக்கு உடல் செம்பழுப்பு, தலை வெள்ளை. விராலடிப்பானுக்கு அடிப்பகுதி வெள்ளை, கண்ணின் குறுக்கே கருங்கோடு, நீண்டு வளைந்த சிறகுகள். அடுத்த முறை கடலோரம் போகும்போது அந்தக் கருங்கோட்டைத் தேடுங்கள்.