மின்கலத்தை அளப்பது எவ்வாறு?

ஆய்வகத்தில் கால் வைத்த மாணவர் அனைவருக்கும் டேனியல் மின்கலம் பழக்கமானது. 1836-இல் இங்கிலாந்து அறிஞர் டேனியல் அமைத்த இக்கலத்தில் மயில்துத்தக் கரைசலில் தாமிரமும், துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகமும் நிற்கின்றன. (மயில்துத்தம் நம் தோட்டக்காரர்களுக்குப் புதிதன்று, போர்டோ கலவைக்கு வாங்குவதுதான்.) இதன் மின்னியக்கு விசை 1.10 வோல்ட் என்கின்றன நூல்கள்.

முதலாண்டில் நான் அதை வோல்ட்மீட்டருடன் இணைத்தபோது முள் 1.02-இல் நின்றது. கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், பயனில்லை. ஆசிரியர் என் மேசைக்கு வருமுன் அந்த எண்ணை அழித்து 1.10 என்று எழுதிவிட்டேன். வகுப்பில் பலரும் அவ்வாறே செய்திருந்தனர் என்பது பிறகு தெரிந்தது.

குறை கலத்தில் இல்லை. அளந்த முறையில் இருந்தது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அறிய, மோட்டாரை நிறுத்தி, ஊற்று ஏறியபின் கயிறு விட்டுப் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். மோட்டார் ஓடும்போது பார்த்தால் மட்டம் இறங்கித்தானே இருக்கும்? வோல்ட்மீட்டரும் ஒரு சிறு மோட்டாரே. முள் நகரவேண்டுமானால் அது கலத்திலிருந்து மின்னோட்டத்தை இழுத்தாக வேண்டும். கலத்தின் மின்னியக்கு விசை 1.08 வோல்ட், அகத்தடை 10 ஓம், வோல்ட்மீட்டரின் தடை 170 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 மில்லிஆம்பியர் ஓடும், 0.06 வோல்ட் கலத்திற்குள்ளேயே செலவாகும். முள் காட்டுவது 1.02.

அப்படியானால் மின்னோட்டத்தை இழுக்காமலே அளக்க இயலுமா? இயலும் என்று 1841-இல் காட்டினார் ஜெர்மானிய அறிஞர் பொக்கெண்டார்ப். அவர் வழியே வந்ததுதான் நாம் பத்து மீட்டர் கம்பியுடன் போராடும் மின்னழுத்தமானி. சேமக்கலம் ஒன்று கம்பி நெடுகிலும் மின்னழுத்தத்தைச் சீராக இறக்குகிறது. நம் கலத்தை அதற்கு எதிர்முகமாக இணைத்துத் தொடுசாவியை நகர்த்துகிறோம். வடமிழுக்கும் இரு பக்கத்தாரும் சமபலத்தினரானால் வடம் அசையாது. அதுபோலக் கால்வனாமீட்டரும் ஓரிடத்தில் அசையாது நிற்கும். அந்தக் கணத்தில் கலத்திலிருந்து மின்னோட்டம் இல்லை. இறைக்காத கிணறு அது.

இரண்டாமாண்டில் அதே கலத்தை இம்முறையில் அளந்தேன். ஒப்பிடுவதற்கு வெஸ்டன் கலம். 20 டிகிரியில் 1.0183 வோல்ட் தருவது, 1911 முதல் நெடுங்காலம் பன்னாட்டுத் தர அளவாக விளங்கியது. (கொஞ்சம் மின்னோட்டம் போனாலும் கெட்டுவிடும், சமநிலைக்கு அருகில் வரும்வரை உயர்தடை ஒன்றைத் தொடரில் வைக்க மறவாதீர்கள்.) அதற்கு 509 செ.மீ., டேனியல் கலத்திற்கு 540 செ.மீ. கணக்கிட்டால் 1.08 வோல்ட்.

ஆக, நான் திருத்தி எழுதிய 1.10-ம் பொய்! இரு கரைசல்களும் ஒரே செறிவில், 25 டிகிரியில் இருந்தால்தான் நூல் கூறும் 1.10 வரும். துத்தநாகக் கரைசல் மற்றதைப்போல் பத்து மடங்கு செறிவானால் சுமார் 0.03 வோல்ட் குறையும் என்பது நெர்ன்ஸ்ட் சமன்பாடு. எங்கள் துத்தநாகக் கரைசல் கெட்டியாக இருந்தது.

மின்வேதியியலுக்கென்றே நம் மாநிலத்தில், காரைக்குடியில், ஒரு தேசிய ஆய்வகம் இருப்பதை நண்பர்கள் அறிவர். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறக்கப்பட்டது.

இன்று டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்க இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அதன் தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். டேனியல் கலத்திற்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மண்ணின் கார அமில நிலையை அறியும் கண்ணாடி மின்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகத்தடை பத்துக் கோடி ஓம் அளவினது. அதை மல்டிமீட்டரில் மாட்டினால் உண்மை அளவில் பதினொன்றில் ஒரு பங்குதான் தெரியும். முதலாண்டில் நான் கண்ட அதே பிழை, பேருருவில்! எனவேதான் பி.எச். மீட்டருக்குள் பல லட்சம் மெகாஓம் தடையுள்ள பெருக்கி வைக்கப்படுகிறது. ஒரு பி.எச். அலகு வெறும் 0.059 வோல்ட். கோவையில் மண் பரிசோதனைக்கு மண் கொண்டுவரும் விவசாயிக்கு, நிலம் களராகிவிட்டதா, ஜிப்சம் இடவேண்டுமா என்று சொல்வதற்கு முதலில் பார்ப்பது அந்தச் சிறு வோல்ட்டைத்தான்.