டீயும் பிஸ்கட்டும் காலைப் பலகாரம் ஆகுமா?
மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில்தான் மும்பையில் பல வீடுகளின் நாள் தொடங்குகிறது. குடத்தையும் டிரம்மையும் நிரப்பி முடிப்பதற்குள் லோக்கல் வண்டிக்கு நேரமாகிவிடும். கல்யாணிலும் அம்பர்நாத்திலும் இருப்பவர் ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். இந்த அவசரத்தில் அடுப்பில் ஏறுவது ஒன்றே ஒன்றுதான்: டீ. அதோடு ஒரு பாக்கெட் பிஸ்கட், இல்லாவிட்டால் பேக்கரியிலிருந்து பாவோ, காரியோ. நின்றபடியே முடிந்துவிடுகிறது காலை உணவு.

வயிறு நிறைந்ததுபோல் இருக்கிறது. உடம்புக்குக் கிடைத்தது என்ன?

குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். மைதா, சர்க்கரை, பாமாயில் என்ற வரிசைதான் இருக்கும். பல ரகங்களில் எடையில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. பாவும் மைதாதான். காரி பிஸ்கட்டில் மைதாவோடு வனஸ்பதியும் சேருகிறது. பத்து மணிக்குள் பிள்ளைக்கு மறுபடி பசிக்கும். வகுப்பில் கண் சொருகும். வேலைக்குப் போனவருக்குத் தலை வலிக்கும். இன்னொரு டீயும் ஒரு வடா பாவும் தேடுவார்.

இதில் இழப்பு பசியோடு முடியவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு அதே குறை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் தாயும், எப்போதும் சோர்ந்து கிடக்கும் பிள்ளையும் நம் வீடுகளில் இல்லையா?

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. அங்கே ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பள்ளியிலேயே கிடைக்க வழி பிறந்தது. இங்கே நம் பிள்ளையின் காலைப் பசிக்கு நம் அடுப்பு ஒன்றுதான் துணை. சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இந்த நகரத்துக்கே இட்லி விற்பவர்கள் நம்மவர்கள். அந்த நம்மவர் வீட்டுப் பிள்ளை பிஸ்கட் தின்று பள்ளிக்குப் போகலாமா?

பெயர்தான் வேறு, தானியம் ஒன்றே

"ஊரிலே என்றால் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி என்று ஏதாவது செய்யலாம். இங்கே அதற்கு எங்கே போவது?" என்று கேட்பவர்கள் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் நம் பாட்டிமார் விளைவித்த அதே தானியங்கள் மும்பையில் ஒவ்வொரு கிராணா கடையிலும் மூட்டையாக இருக்கின்றன. மராட்டியரின் அன்றாட உணவே அவைதான். பெயர் தெரியாததால் நாம் அவற்றைக் கடந்து போய்விடுகிறோம்.

கம்புக்கு இங்கே பாஜ்ரி என்று பெயர். சோளம் ஜ்வாரி. கேழ்வரகு நாச்ணி. கொள்ளு குளித். தட்டைப்பயறு சவளி. மொச்சை வால். நரிப்பயறு மட்கி. அவலுக்குப் போஹா, நிலக்கடலைக்கு ஷேங்தாணா, எள்ளுக்குத் தீள். மராட்டியர் விரத நாளில் சமைக்கும் வரி அல்லது பகர் என்பது நம் சாமை, குதிரைவாலி இனத்தைச் சேர்ந்தது. இந்தப் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் விழிக்க வேண்டியதில்லை.

இவற்றின் சத்தையும் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறுவது அரிது. தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்புச் சத்து பல மடங்கு அதிகம். 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம். இந்தியா முன்மொழிய, 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஏழையின் உணவு என்று நாம் ஒதுக்கியதைப் பெரிய ஓட்டல்கள் அழகான தட்டில் வைத்து விற்கத் தொடங்கிவிட்டன. நாமோ பிஸ்கட்டில் நிற்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும். கடையில் பொட்டலமாக வாங்காமல், தானியமாக வாங்கிக் கழுவி உலர்த்தி, தெருமுனைச் சக்கியில் வாரத்துக்கு ஒரு கிலோ அரைத்துக்கொள்வதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

காலையில் நேரமில்லை என்பது உண்மை. ஆகவே காலை வேலையை முந்திய நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தள்ளிவிட வேண்டும். இதுதான் முழு இரகசியமும். கீழே உள்ள எதற்கும் காலையில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கேழ்வரகு தோசை: அரிசி ஒரு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி எடுத்து நாலைந்து மணி நேரம் ஊறவைத்து நைசாக அரையுங்கள். இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் கரைத்து இதில் கலந்து உப்பிட்டு வையுங்கள். மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும்; ஜனவரிக் குளிரில் இரவு முழுவதும் வேண்டும். குளிர்பதனப் பெட்டி இருந்தால் மூன்று நாளைக்கு வரும். இல்லாத வீட்டில் பாதி அளவு அரைத்தால் போதும். நிறம் கறுப்பாக இருக்கிறதே என்று பிள்ளைகள் முகம் சுளித்தால், முதல் வாரம் கேழ்வரகைப் பாதியாகக் குறைத்து, நாக்கு பழகியபின் கூட்டுங்கள்.

கம்பு அடை: முழுக் கம்பு ஒரு டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர். இரவே ஊறப் போடுங்கள். காலையில் நான்கு வரமிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து உடனே வார்க்கலாம். புளிக்க வேண்டிய அவசியமில்லை. காலையில் மிக்சி ஓட்ட நேரமில்லாதவர் பகலில் ஊறவைத்து இரவே அரைத்துக்கொள்ளலாம். முருங்கைக்கீரை கிடைத்தால் ஒரு கைப்பிடி. கிடைக்காவிட்டால் மும்பைச் சந்தையில் குவிந்து கிடக்கும் வெந்தயக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் பல தானியங்களை வறுத்து அரைத்த மாவில் தாலிபீட் தட்டுவாரே, அதுவும் நம் அடைக்கு உறவுதான். அவரிடம் கேட்டால் மாவு வறுக்கும் பக்குவத்தைச் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.

கம்பங்கூழ்: முந்திய மாலை ஒரு டம்ளர் கம்பு மாவை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே வேகவைத்து, ஆறியபின் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, உப்பும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்தால் அடுப்பே மூட்ட வேண்டாம். சின்ன வெங்காயம் இங்கே விலை அதிகம். பெரிய வெங்காயம் போதும். இரவு மிஞ்சிய சோற்றையும் வீணாக்காதீர்கள். ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் பழைய சோறு. கோடையில் அதைக் காலையிலேயே உண்டுவிட வேண்டும். வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

முளைகட்டிய மட்கி: காலையில் ஊறப் போட்டு, இரவு தண்ணீரை வடித்துச் சுத்தமான துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை வந்துவிடும். வேகவைத்துக் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் சுண்டல். எலுமிச்சம்பழம் பிழிய மறக்காதீர்கள். அந்தப் புளிப்பு, பயறில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேரத் துணை செய்கிறது.

அறையில் தங்கியிருக்கும் தம்பிமாருக்கு

ஒரு அறையில் ஆறு பேர், ஒரே ஒரு ஸ்டவ் என்று இருப்பவர்களுக்குத் தோசையும் அடையும் ஆகாத காரியம். அவர்களுக்கு அவல் உண்டு. போஹாவைக் கழுவிப் பத்து நிமிடம் வைத்து, வறுத்த நிலக்கடலை, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு கலந்தால் முடிந்தது. தோலோடு வறுத்த கொண்டைக்கடலை இங்கே சணா என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒரு கைப்பிடி சணாவும் ஒரு வாழைப்பழமும் எந்தப் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் மேல். வாரம் ஒருவர் முறை வைத்துக்கொண்டு முட்டை அவித்தால் இன்னும் நல்லது.

மாலைக்கு ஒரு டப்பா

பள்ளி விட்டு வரும் பிள்ளை கையை நீட்டுவது கடைச் சரத்தில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்துக்கு. வீட்டில் ஒரு டப்பா நிறைந்திருந்தால் அந்தக் கை தானாகவே இந்தப் பக்கம் வரும்.

நிலக்கடலை 200 கிராம், எள் 100 கிராம் இரண்டையும் தனித்தனியே வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். 150 கிராம் வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சி, பொடியில் ஊற்றிச் சூட்டோடு பிடித்தால் எலுமிச்சை அளவில் இருபது உருண்டை வரும். ஆளுக்கு ஒன்று போதும். மராட்டியர் சங்கராந்திக்குத் தரும் தீள்குளும் இதே எள்ளும் வெல்லமும்தான்.

மாலைக்கு இன்னொன்று, குர்முரா என்று விற்கும் பொரி. கடுகு, மஞ்சள் தாளித்துப் பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் கலந்து வறுத்து வைத்தால் எண்ணெயில் முக்கியெடுக்காத மிக்சர் தயார்.

கவனிக்க வேண்டியவை

இரும்புச் சத்துள்ள உணவோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீயை விட முடியாதவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். குழந்தைகளுக்கு டீயே வேண்டாம்.

மும்பை மழைக்காலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாப் பொருளிலும் ஈரம் ஏறும். பூசணம் பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் அதிலுள்ள நஞ்சு முழுவதும் போகாது. நிறம் மாறியதையும் கசப்பதையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். அந்த மாதங்களில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கி, இலேசாக வறுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

நாலைந்து வயது ஆகாத குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது. மூச்சுக் குழாயில் சிக்கும். பொடித்தே கொடுங்கள்.

வெல்லமும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் உருண்டையை ஒதுக்கிச் சுண்டலை எடுத்துக்கொள்ள வேண்டும். கேழ்வரகானாலும் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைவாக ஏறும். பயறும் கீரையும் சேர்ந்த அடையே அவர்களுக்கு ஏற்றது.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கெட்டுப்போன எண்ணெயைக் கண்டறிய 2018 ஜூலை 1 முதல் உணவுக் கடைகளுக்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது. வீட்டுக்கு நாம்தான் சட்டம்.

யார் செய்வது?

இத்தனையும் படித்துவிட்டு, "கேட்டாயா, நாளையிலிருந்து இதெல்லாம் செய்" என்று மனைவியிடம் பத்திரிகையை நீட்டும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. காலையில் முதலில் எழுபவளும் அவள்தான். இரத்தசோகைக் கணக்கில் முதலில் வருபவளும் அவள்தான். எல்லோருக்கும் வார்த்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் அவள் டீ மட்டும் குடித்தால், நூற்றுக்கு 57 என்ற அந்தக் கணக்கு நம் வீட்டில் குறையாது.

சக்கிக்குத் தானியம் தூக்கிப் போவது ஆண் பிள்ளை வேலை. கடலை வறுப்பதும் தோல் நீக்குவதும் ஞாயிறு மாலை டெலிவிஷன் பார்த்துக்கொண்டே குடும்பம் முழுவதும் செய்யக்கூடியது. காலையில் ஒருவர் தண்ணீர் பிடித்தால் மற்றவர் தோசை வார்க்கலாம். முதல் தோசை வாரத்தில் சில நாளாவது அவள் தட்டில் விழட்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்றால் இரண்டாம் வாரம் மறுபடி பிஸ்கட்டே வரும். இந்த ஞாயிறு ஒரு கிலோ நாச்ணி அரைத்து வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் தோசை, ஒரு நாள் அவல் என்று தொடங்குங்கள். அடுத்த மாதம் மட்கி, அதற்கடுத்து பாஜ்ரி. சுவர் இருந்தால்தான் சித்திரம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து உழைப்பது பிள்ளைகளுக்காகத்தான் என்றால், அந்தச் சுவர் காலை ஏழு மணிக்கு நம் அடுப்படியில்தான் எழ வேண்டும்.